கையில் 50,000 ரூபாய்தான் இருக்கிறது, ஆனால் செயலி 2 லட்சத்துக்குப் பங்கு வாங்கலாம் என்கிறது. இந்த மார்ஜின் கடனைப் பயன்படுத்தலாமா?

மீதி 1.5 லட்சம் உங்கள் ப்ரோக்கர் தரும் கடன், செயலியில் எம்டிஎஃப் (மார்ஜின் டிரேடிங் ஃபெசிலிட்டி) என்று போட்டிருப்பார்கள். இன்ட்ராடேக்கு, அதாவது அதே நாளில் வாங்கி விற்பதற்கு, கிடைக்கும் ஐந்து மடங்கோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது அன்றைக்கே முடிந்துவிடும், வட்டி இல்லை. எம்டிஎஃப்பில் பங்கு உங்கள் டீமேட்டுக்கு வந்து ப்ரோக்கரிடம் அடமானமாக நிற்கும், கடனை அடைக்கும்வரை சனி ஞாயிறு உட்பட தினமும் வட்டி ஓடும்.

நாளுக்கு 0.04% வட்டி என்று வைத்துக்கொள்வோம். கேட்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். 1.5 லட்சத்துக்கு ஒரு நாளைக்கு 60 ரூபாய், மாதம் 1,800, வருடம் 21,900. நீங்கள் போட்டது 50,000தான், அதோடு ஒப்பிட்டால் வருடத்துக்கு 44% கிட்ட வருகிறது, பங்கு 11% ஏறினால்தான் வட்டிக்கே கட்டுப்படி ஆகும்.

சரி, வட்டியைக்கூடச் சமாளித்துவிடலாம். நிறையப் பேர் கவனிக்காதது அடுத்த விஷயம்தான். அமெரிக்க மார்ஜின் பற்றிய வீடியோக்களில் வாங்கும்போது உங்கள் சொந்தப் பணம் (அதுதான் மார்ஜின்) பங்கின் மதிப்பில் 50%, பிறகு குறைந்தபட்சம் 25% இருந்தால் போதும் என்று சொல்வார்கள். அங்கே இரண்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. இங்கே பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதிப்படி வாங்கும்போது எவ்வளவு சதவீத மார்ஜின் தேவையோ அதைக் கடைசிவரை அப்படியே வைத்திருக்க வேண்டும். அதனால் செயலி காட்டும் முழு வரம்புக்கும் வாங்கினால், விலை கொஞ்சம் இறங்கினாலே உங்களுக்கு மார்ஜின் பற்றாக்குறை.

2024 ஜூன் 4, தேர்தல் முடிவு வந்த நாளை எடுத்துக்கொள்ளுங்கள். முந்தைய நாள் கருத்துக்கணிப்பை நம்பி, 50 பெரிய நிறுவனங்களின் பங்குக் குறியீடான நிஃப்டி 3%க்கு மேல் ஏறியிருந்தது, அன்று கிட்டத்தட்ட 6% விழுந்தது. உங்கள் 2 லட்சமும் அதே 6% விழுந்திருந்தால் மதிப்பு 1,88,000. கடன் அதே 1,50,000, ஆக உங்கள் சொந்தப் பணமாக நிற்பது 38,000. இருக்க வேண்டியது வாங்கும்போது இருந்த அதே 25% (2 லட்சத்தில் 50,000), அதாவது இப்போது 47,000. குறைவது 9,000 ரூபாய்தான், ஆனால் கையில் பணம் இல்லாமல் பங்கை விற்றுச் சரிசெய்யப் போனால் 36,000 ரூபாய்க்கு விற்க வேண்டும். ஏனென்றால் மிச்சமிருக்கும் 38,000 தாங்குவது 1,52,000 மதிப்புள்ள பங்கைத்தான். நீங்கள் விற்காவிட்டால் ப்ரோக்கர் விற்பார், எந்தப் பங்கை, என்ன விலைக்கு என்று உங்களைக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார், ஒப்பந்தத்தில் அதற்கும் சேர்த்துத்தான் சம்மதம் கொடுத்திருக்கிறீர்கள். மறுநாளே நிஃப்டி 3%க்கு மேல் திரும்ப ஏறியது. விற்கப்பட்ட பங்குக்கு அந்த ஏற்றம் கிடைக்காது.

இன்னொன்று, அந்த 25% நிரந்தரமில்லை. பங்கின் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்துப் பங்குக்குப் பங்கு மாறும், சந்தை ஆட்டம் கண்டால் கூடும். விலையும் இறங்கி, கேட்கும் மார்ஜினும் கூடுவது ஒரே வாரத்தில் நடக்கலாம். பங்கு எம்டிஎஃப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டால் முழுப் பணமும் கட்ட வேண்டி வரலாம்.

இவ்வளவுக்கும் அப்புறமும் வாங்கத்தான் வேண்டும் என்றால், வரம்பு நாலு மடங்கு என்பதற்காக நாலு மடங்கும் எடுக்காதீர்கள். உங்கள் 50,000க்கு இன்னொரு 50,000 மட்டும் கடன் வாங்கினால், அதே 25% விதியில், விலை மூன்றில் ஒரு பங்கு விழும்வரை பற்றாக்குறை வராது. வட்டியும் நாளுக்கு 20 ரூபாய்தான். என்னைக் கேட்டால் அதுகூட, கடனை அடைக்கும் பணம் சில வாரங்களில் வேறு வழியில் நிச்சயமாக வரும் என்றால் மட்டும். பங்கு ஏறினால் அதிலிருந்து அடைத்துக்கொள்ளலாம் என்பதுதான் திட்டமென்றால், 50,000க்கு மட்டும் வாங்குங்கள்.