மூன்றாயிரம் நிலுவை, ரிப்போர்ட்டில் நாற்பத்தைந்தாயிரம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்களுடையது மொத்த வியாபாரக் கடை. பில்லிங் மென்பொருள் எஸ்.க்யூ.எல். சர்வர் எக்ஸ்பிரஸ் என்ற மைக்ரோசாஃப்ட் டேட்டாபேஸில் ஓடுகிறது. தினசரி விற்பனை, வாடிக்கையாளர் வாரியாக நிலுவை, இந்த இரண்டு ரிப்போர்ட்தான் முதலாளி கேட்கிறார். எந்த டூல் வாங்கலாம்? (ஈரோடு வாசகர்)

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். எக்செல் 2016 அல்லது அதற்குப் பிந்தையது இருந்தால் டேட்டாபேஸிலிருந்து தகவலை இழுத்துவரும் பவர் க்வெரி அதிலேயே இருக்கிறது. டேட்டா மெனு வழியாக சர்வர் பெயரையும் க்வெரியையும் (எந்தத் தகவல் வேண்டும் என்று கேட்கும் கட்டளை) ஒருமுறை கொடுத்துவிட்டால், மறுநாள் ரிஃப்ரெஷ் அழுத்தினால் போதும். தினசரி விற்பனைக்கு இது தாராளம்.

நிலுவைப் பட்டியலைப் பக்கம் பக்கமாக அச்செடுத்து வசூலுக்குப் போகிறவர் கையில் கொடுக்க வேண்டுமென்றால் மைக்ரோசாஃப்டின் ரிப்போர்ட் பில்டர் பொருந்தும்; அதுவும் இலவசம். வரைபடங்களோடு ரிப்போர்ட் தயாரிக்கும் பவர் பிஐ டெஸ்க்டாப்புக்கும் காசில்லை, ஆனால் விண்டோஸில் மட்டுமே ஓடும். இணையச் சேவை வழியாகப் பிறருக்குப் பகிரத்தான் கட்டண உரிமம் தேவை. இரண்டே ரிப்போர்ட்டுக்கு அது அதிகம்.

எதில் செய்தாலும், படிக்கும் உரிமை மட்டும் உள்ள தனி லாகின் கேட்டு வாங்குங்கள். எல்லா அதிகாரமும் உள்ள எஸ்.ஏ. (sa) லாகினின் கடவுச்சொல்லை எக்செல் கோப்புக்காகக் கொடுப்பது, கல்லாச் சாவியை வாசலில் தொங்கவிடுவதற்குச் சமம்.

கேள்வி: பில், பொருள் விவரம், ரசீது என்ற மூன்று டேபிளையும் ஜாயின் செய்து (பில் எண் வழியாக இணைத்து) நிலுவை எடுத்தேன். தொகை பல மடங்கு கூடுதலாக வருகிறது. ஒரே மதிப்பு திரும்ப வந்தால் ஒருமுறை மட்டும் எடுக்கும் டிஸ்டிங்க்ட் போட்டும் சரியாகவில்லை. (விருதுநகர் வாசகர்)

பதில்: ஒரே ஒரு பில்லை எடுத்துப் பாருங்கள். பில் தொகை 12,000; அதில் 3 பொருள்; 5,000, 4,000 என 2 ரசீது. உண்மை நிலுவை 3,000. மூன்று டேபிளையும் சேர்த்தால் ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு ரசீதும் ஜோடி சேர்ந்து 6 வரி வரும். பில் தொகை ஆறு முறை கூடி 72,000 ஆகும். ரசீதுகள் மும்மூன்று முறை கூடி 27,000. கழித்தால் 45,000! டூல் மேல் தப்பில்லை, கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறது.

டிஸ்டிங்க்ட் இதற்கு மருந்தல்ல. ஒரே வாடிக்கையாளருக்கு 12,000 ரூபாயில் இரண்டு பில் இருந்தால் ஒன்றை விழுங்கிவிடும். நிலுவைக்குப் பொருள் டேபிள் தேவையே இல்லை, எடுத்துவிடுங்கள். ரசீது டேபிளை முதலில் ஒரு சப்க்வெரியில் (க்வெரிக்குள் எழுதும் சிறு க்வெரி) பில் எண் வாரியாக குரூப் பை செய்து தொகையைக் கூட்டி, பில்லுக்கு ஒரே வரியாக்குங்கள். பிறகு பில் டேபிளை இடப்பக்கம் வைத்து, அதோடு இதை லெஃப்ட் ஜாயின் செய்யுங்கள்; ரசீது இல்லாவிட்டாலும் எல்லா பில்லும் வரும். ரசீதே இல்லாத பில்லுக்கு ரசீதுத் தொகையில் நல் (NULL, அதாவது மதிப்பே இல்லை) வரும். 12,000-த்தில் நல்லைக் கழித்தால் விடையும் நல்தான். அதனால் ஐஸ்நல் (ISNULL) போட்டு பூஜ்யமாக்குங்கள். ரசீதுத் தேதி நிபந்தனையும் சப்க்வெரிக்குள்ளேயே இருக்கட்டும். வெளியே WHERE நிபந்தனையில் வைத்தால் பணமே கட்டாதவர்கள் பட்டியலிலிருந்து மறைந்துவிடுவார்கள். நமக்கு வேண்டியதே அவர்கள்தான்.

இதை எங்கே பழகுவது என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் கிட்ஹப்பில் இலவசமாக வைத்திருக்கும் நார்த்விண்ட் மாதிரி டேட்டாபேஸ் போதும். கஸ்டமர்ஸ் டேபிளில் 91 பேர். ஆர்டர்ஸோடு இன்னர் ஜாயின் (இரண்டு டேபிளிலும் இருப்பதை மட்டும் எடுப்பது) செய்து, ஒருவரை ஒருமுறை மட்டும் எண்ணினால் 89 பேர்தான். அந்த இருவர் எங்கே போனார்கள் என்று தேடுங்கள். அடுத்து, ஆர்டர்ஸில் 830 வரி. ஆர்டர் டீடெய்ல்ஸோடு சேர்த்தால் 2,155. அங்கே ஆர்டருக்கு ஒன்றாக உள்ள ஃப்ரெய்ட் (சரக்குக் கட்டணம்) தொகையைக் கூட்டிப் பாருங்கள், மேலே சொன்ன அதே கோளாறு கண்ணில் படும்.

கேள்வி: ஏப்ரல் ரிப்போர்ட்டில் 30-ஆம் தேதி விற்பனை மட்டும் வரவில்லையே? (சேலம் வாசகர்)

பதில்: ஏப்ரல் 1-க்கும் 30-க்கும் இடையே என்று பிட்வீன் (BETWEEN) போட்டிருப்பீர்கள். தேதியோடு நேரமும் உள்ள நெடுவரிசையில் '30' என்றால் 30-ஆம் தேதி தொடங்கும் நள்ளிரவு 12 மணி. அதன்பின் போட்ட பில்கள் வெளியே நின்றுவிடும். ஏப்ரல் 1 முதல், மே 1-க்குக் குறைவாக என்று எழுதுங்கள்.

கேள்வி: ரிப்போர்ட் பில்டரில் பிடிஎஃப் எடுத்தால் நடுநடுவே வெற்றுப் பக்கம். தலைப்பு வரி முதல் பக்கத்தில் மட்டுமே வருகிறது. தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறி. (மதுரை வாசகர்)

பதில்: ஏ4 அகலம் 21 செ.மீ. இரு ஓரமும் 1 செ.மீ. விட்டால் பாடி (ரிப்போர்ட்டின் உள்பகுதி) அகலம் 19-ஐத் தாண்டக்கூடாது. ஏதாவது ஒரு பெட்டியை இழுக்கும்போது பாடி தானாக விரிந்திருக்கும். அளவைப் பார்த்துக் குறையுங்கள்.

தலைப்புக்கு, டேப்ளிக்ஸில் (ரிப்போர்ட்டில் உள்ள அட்டவணை) தலைப்பை ஒவ்வொரு பக்கத்திலும் காட்டச் சொல்லும் டிக் பெட்டியை நம்பாதீர்கள், சாதாரணப் பட்டியலில் அது வேலை செய்வதில்லை. கீழே குரூப்பிங் பகுதியில் அட்வான்ஸ்ட் மோடு திறந்து, ரோ குரூப்ஸில் மேலே உள்ள ஸ்டாட்டிக் வரியைத் தேர்ந்து, கீப் வித் குரூப்பை ஆஃப்டர் என்றும் ரிப்பீட் ஆன் நியூ பேஜை ட்ரூ என்றும் மாற்றுங்கள்.

கேள்விக்குறிக்கு ஃபான்ட் மாற்றிப் பயனில்லை. முதலில் டேபிளையே திறந்து பாருங்கள். அங்கேயும் கேள்விக்குறி என்றால் அந்த நெடுவரிசையின் வகை தமிழ் எழுத்தைத் தாங்காத வார்சாராக (varchar) இருக்கும், அல்லது எழுதும்போது மேற்கோளுக்கு முன் N என்ற எழுத்தைப் போடாமல் விட்டிருப்பார்கள். என்வார்சாராக (nvarchar) மாற்றி, N-ஐயும் போட்டால் இனி ஏற்றும் பெயர்கள் சரியாக வரும். பழையவற்றின் எழுத்து சேமித்தபோதே போய்விட்டது, திரும்பத் தட்டச்சு செய்துதான் ஆக வேண்டும்.