வாசகர் கேள்வி – பதில்: மானரிங்கின் முதிய படை

உப்புவெளி வாசகர்: இரண்டாம் உலகப் போர்க்கால இங்கிலாந்தின் ஊர்காவல் படையைப் பற்றிய பிபிசி நகைச்சுவைத் தொடர் 'டாட்ஸ் ஆர்மி'யில் வரும் காட்பிரி, பிரேசர் இருவரும் நிஜத்தில் போர் கண்டவர்களா?

பதில்: கண்டவர்கள்தான். காட்பிரியாக வந்த ஆர்னோல்ட் ரிட்லி 1916இல் சொம் போர்க்களத்தில் படுகாயப்பட்டவர். இடது கை கடைசிவரை சரியாக வழங்கவில்லை. அப்படிப்பட்டவருக்கு, முதல் உலகப் போரில் ஆயுதம் தூக்க மறுத்த ஆளின் வேடம்! பிரேசராக வந்த ஜோன் லோரியும் அதே போரில் இருந்தவர். 1968 யூலையில் தொடர் தொடங்கியபோது ரிட்லிக்கு 72, லோரிக்கு 71.

படையிலேயே பழுத்த கிழவராகத் தெரியும் ஜோன்ஸ்தான் வேடிக்கை. நடித்த கிளைவ் டன்னுக்கு அப்போது வெறும் 48. படைத் தலைவர் கப்டன் மானரிங்காக வந்த ஆர்தர் லோவை விட இளையவர். உருண்டு புரளும் காட்சிகளெல்லாம் அவர் தலையில் விழுந்தது இதனால்தான். இந்த வயதுக் கணக்கு தெரிந்தபின் பழைய பாகங்களைப் பாருங்கள், யார் ஓடுகிறார்கள், யார் நிற்கிறார்கள் என்பது பிடிபடும்.

நிலாவெளி வாசகி: கள்ளச்சந்தை வோக்கர் இடையில் காணாமற் போவதேன்?

பதில்: வோக்கராக நடித்த ஜேம்ஸ் பெக் 1973 ஓகஸ்ட்டில், 44 வயதில் காலமானார். 6ஆம் தொகுதியின் கடைசிப் பாகத்தில் அவர் வரிசையில் நிற்குமிடம் வெறுமையாக இருக்கும். அங்கே ஒரு துண்டுச் சீட்டு மட்டும். வேறு நடிகரை வோக்கராக்காமல் விட்டது சரியான முடிவு. அடுத்த தொகுதியில் சீஸ்மன் என்ற பாத்திரத்தைப் படையில் சேர்த்தார்கள். அது அவ்வளவாக ஒட்டவில்லை.

திருகோணமலை நகர் வாசகர்: 80 பாகம் என்கிறார்கள், ஆனால் முழுவதும் கிடைக்கவில்லையே. கறுப்பு வெள்ளைப் பிரதிக்கு நிறம் திரும்பியது என்பதும் உண்மையா?

பதில்: 2ஆம் தொகுதியில் 3 பாகங்களின் படம் இன்னும் இல்லை. அப்போது வீடியோ நாடாவின் விலை அதிகம். பிபிசி பழையதை அழித்து மேலே புதிதைப் பதிந்தது.

நிறக் கதை உண்மை. 1969இல் வந்த 3ஆம் தொகுதியின் ஒரு பாகத்துக்கு வண்ண நாடா போய், கறுப்பு வெள்ளைப் பிலிம் மட்டும் மிஞ்சியது. திரையில் ஓடும் படத்தைப் பிலிம் கமராவால் பிடித்தே அப்படிப் பிரதி எடுப்பார்கள். நிறச் சமிக்ஞையை முன்கூட்டியே வடிகட்டாமல் விட்டால், அது மணல் தூவியதுபோல் நுண்புள்ளிகளாகப் பிலிமில் பதியும். அந்தக் காலத்தில் அது குறை. பின்னாளில் அப்புள்ளிகளைக் கணினியால் படித்து நிறத்தைக் கணக்கிட்டு, 2008இல் அந்தப் பாகத்தை வண்ணத்தில் ஒளிபரப்பினார்கள். பிலிம் சுருங்கினாலோ, திரையின் வளைவால் படம் கோணினாலோ புள்ளி இடம் மாறி நிறம் தப்பும். முதலில் அதை நேராக்க வேண்டும். ஒழுங்காக வடிகட்டிய பிரதியில் இந்த வித்தை பலிக்காது.

சீனன்குடா வாசகர்: 1942 ஏப்ரல் 9 ஜப்பானியக் குண்டுவீச்சு தொடரில் வருமா? தொடரில் வரும் படை நம்மூர் ஊர்காவல் படை மாதிரியா?

பதில்: வராது. கதை தென் இங்கிலாந்தின் கற்பனை ஊரான வால்மிங்டனை விட்டு நகராது. வெளிப்புறக் காட்சிகள் நோர்போக்கின் தெற்போர்டில் எடுக்கப்பட்டவை. பெயர் ஒன்றானாலும் படை வேறு: அது 1940 மே 14 வானொலி அழைப்புக்குத் திரண்ட சம்பளமில்லாத் தொண்டர் படை. Mainwaring என்று எழுதுவதை 'மானரிங்' என்றே சொல்லுங்கள்.