பாட்டு லிஸ்ட் போடுவதற்கு முன் காதுக்கு ஒரு வேலை கொடுங்கள்

கேள்வி: சுயாதீன இசைக் கலைஞர்களின் பாடல்கள் மீது எனக்கு அவ்வளவு ஆசை. ஆனால் ஆப் பரிந்துரைப்பதெல்லாம் ஏற்கெனவே கேட்டதைப் போலவே இருக்கிறது. பிடித்த பாட்டுகளை நூறு, நூற்றைம்பது என்று சேர்த்து நண்பர்களுக்கு அனுப்பினால் ஒருவரும் முழுதாகக் கேட்பதில்லை. புதியவர்களைத் தேடிப் பிடிக்கவும், பிடித்ததை அடுத்தவர் காதில் சேர்க்கவும் என்ன வழி?

பதில்: இரண்டு சிக்கலுக்கும் வேர் ஒன்றுதான். உங்கள் லிஸ்ட்டுக்குக் கருப்பொருள் இல்லை. ‘எனக்குப் பிடித்தவை’ என்ற தலைப்பு உங்களுக்கு மட்டும்தான் எதையாவது சொல்லும். குறுகலான ஒரு கருப்பொருளை எடுத்துக்கொண்டால் நீங்கள் தேடும் விதமும் மாறும், நண்பர்கள் கேட்கும் விதமும் மாறும்.

ஆப் ஏன் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வருகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஸ்பாட்டிஃபை 2015 முதல் திங்கள்தோறும் ‘டிஸ்கவர் வீக்லி’ என்று 30 பாடல்களைத் தருகிறது. நீங்கள் கேட்கும் பாடல்கள் மற்றவர்களின் பிளேலிஸ்ட்டுகளில் எவற்றோடு சேர்ந்து வருகின்றன என்று பார்த்து, அவற்றில் நீங்கள் கேட்காததை எடுத்துக் கொடுப்பதுதான் அதன் முக்கியமான வழி. நல்ல ஏற்பாடுதான். ஆனால் இருநூறு பேர் மட்டுமே கேட்ட ஒரு பாடல் எத்தனை பிளேலிஸ்ட்டில் இருக்கும்? தரவு இல்லாத பாடலை அல்காரிதம் எங்கிருந்து கண்டுபிடிக்கும்? சுயாதீன இசையின் பெரும்பகுதி அப்படித்தான் கிடக்கிறது. அங்கே போக மனிதர்களின் வழிதான் வேண்டும்.

இப்போது கருப்பொருளுக்கு வருவோம். ‘மழைப் பாட்டுகள்’, ‘இரவுப் பயணம்’ போன்றவை வேண்டாம். தேடல் பெட்டியில் அந்தச் சொல்லைப் போட்டால் ஆயிரக்கணக்கில் வந்து விழும்; நீங்கள் செய்ய ஒன்றும் மிச்சமிருக்காது. கேட்டால் மட்டுமே கண்டுபிடிக்க முடிகிற ஒன்றை எடுங்கள். பல்லவியே திரும்ப வராத பாடல்கள். மழை என்ற சொல்லே வராத மழைப் பாடல்கள். டிரம்ஸ் பாதிப் பாட்டுக்குப் பிறகுதான் உள்ளே நுழையும் பாடல்கள்.

எனக்கு மிகவும் பிடித்த கருப்பொருள் ஒன்றைச் சொல்கிறேன்: பதிவான அறையே காதில் விழும் பாடல்கள். சுயாதீனக் கலைஞர்கள் பலர் படுக்கையறையிலும் சமையலறையிலும் பதிவு செய்கிறார்கள். ஹெட்போன் மாட்டிக்கொண்டு, பாட்டு தொடங்குவதற்கு முந்தைய இரண்டு மூன்று நொடிகளையும், கடைசி ஸ்வரம் அடங்கிய பிறகான நொடிகளையும் கூர்ந்து கேளுங்கள். நாற்காலி முனகுவது கேட்கும். கிதார் கம்பியில் விரல் வழுக்கும் சத்தம், பாடுகிறவர் மூச்சை இழுப்பது, யாரோ ‘ஒன்று, இரண்டு’ என்று எண்ணுவது, கடைசியில் பதிவை நிறுத்தும் ‘டக்’. பெரிய ஸ்டுடியோ பதிவுகளில் இவற்றையெல்லாம் பெரும்பாலும் துடைத்து எடுத்துவிடுவார்கள். இப்படி ஐந்தாறு பாடல்களைப் பிடித்துவிட்டால், அதுவரை சாதாரணம் என்று தாண்டிப்போன பாடல்களைக்கூடத் திரும்ப எடுத்துக் கேட்பீர்கள். தேடல் அங்கேதான் சூடு பிடிக்கும்.

அடுத்த பாடலை எங்கே தேடுவது? நான் முதலில் கைகாட்டுவது பேண்ட்கேம்ப், கலைஞர்கள் தங்கள் பாடல்களை ரசிகர்களுக்கு நேரடியாக விற்கும் இணையதளம். அங்கே ஒவ்வொரு ஆல்பத்தின் பக்கத்திலும் அதைக் காசு கொடுத்து வாங்கியவர்களின் சின்னப் படங்கள் வரிசையாக இருக்கும். ஒன்றை அழுத்தினால் அந்த ரசிகர் வாங்கிய மற்ற ஆல்பங்கள் தெரியும். உங்களுக்கு உயிரான, அதிகம் பேர் அறியாத இரண்டு ஆல்பங்களை ஒருவர் வாங்கியிருக்கிறார் என்றால், அவர் சேகரிப்பில் மூன்றாவது ஒன்று உங்களுக்காகக் காத்திருக்க வாய்ப்பு அதிகம். பாட்டுக்குப் பணம் கொடுத்தவரின் ரசனைக்கு, பின்னணியில் ஓடவிட்டவரின் ரசனையைவிட எடை கூடுதல் என்பது என் திடமான எண்ணம்.

அதே பக்கத்தில் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் விவரங்களையும் படியுங்கள். யார் பதிவு செய்தார், யார் மிக்ஸிங் (தனித்தனியாகப் பதிவான குரலையும் கருவிகளையும் ஒன்றாகக் கலப்பது) செய்தார், செல்லோ வாசித்தது யார் என்று கலைஞர்கள் அங்கே எழுதியிருப்பார்கள். அந்தப் பெயரை டிஸ்காக்ஸில் தேடுங்கள். பயனர்களே 2000-ஆம் ஆண்டிலிருந்து எழுதிச் சேர்த்துவரும் இசைத்தட்டுத் தரவுத்தளம் அது. ஒரே மிக்ஸிங் எஞ்சினியர் கைபட்ட ஆல்பங்களில் ஒலியின் சாயல் ஒத்துப்போவது உண்டு. ஆல்பங்களை வெளியிடும் சின்ன நிறுவனமான லேபிளும் அப்படித்தான். பெரும்பாலும் ஓரிருவரின் ரசனைதான் அதை நடத்தும். லேபிள் வெளியிட்ட ஒவ்வொரு ஆல்பத்திலிருந்தும் ஒரு பாடலாவது கேட்டுப் பாருங்கள்.

வானொலியை மறந்துவிடாதீர்கள். பிரிட்டனின் பிபிசி ரேடியோ 1 நிலையத்தில் தொகுப்பாளர் ஜான் பீல் 1967 முதல் 2004-இல் இறக்கும்வரை, யாரும் அறியாத குழுக்களின் பாடல்களைத் தன் காதை மட்டும் நம்பி ஒலிபரப்பினார். அந்த மரபு அறுந்துபோகவில்லை. சியாட்டிலின் கேஇஎக்ஸ்பி, லண்டனின் என்டிஎஸ் ஆகிய நிலையங்கள் ஒலித்த பாடல்களின் பட்டியலை இணையத்தில் வெளியிடுகின்றன. ரசனை ஒத்துப்போகும் ஒரே ஒரு தொகுப்பாளரைப் பிடித்துக்கொண்டு அவரைத் தொடர்ந்து கேட்டாலே போதும்.

பகிர்வதற்கு வருவோம். நூற்றைம்பது பாடல்களை யாருக்கும் அனுப்பாதீர்கள். 90 நிமிட கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம். கேட்பவரின் பொறுமைக்கும் அதுதான் அளவு. பத்துப் பன்னிரண்டு பாடல் வரும். ஒரு கலைஞருக்கு ஒரு பாடல் போதும். நான்கைந்து தெரியாத பாடல்களுக்கு நடுவே, கேட்பவருக்குப் பழக்கமான ஒன்றை வையுங்கள். கால் ஊன்ற இடம் கிடைக்கும். ஏழு நிமிடப் பாட்டில் தொடங்க வேண்டாம். ஒரு பாட்டின் கடைசி பத்து நொடியையும் அடுத்ததன் முதல் பத்து நொடியையும் அடுத்தடுத்து ஓடவிட்டுப் பாருங்கள். முகத்தில் அடித்தாற்போல் இருந்தால் இடம் மாற்றுங்கள். ஷஃபிள் போடாமல் கேட்கச் சொல்லி அனுப்புங்கள்.

ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு வரி எழுதுங்கள். ‘செம பாட்டு, கேளு’ என்பதில் விஷயமில்லை. ‘இரண்டாவது நிமிடத்தில் பின்னால் ஒரு கதவு சாத்துவது கேட்கும்’ என்று எழுதினால், அந்தக் கதவுக்காகவாவது நண்பர் இரண்டு நிமிடம் இருப்பார். அதற்குள் பாட்டு தன் வேலையைச் செய்துவிடும். கேட்டு முடித்தவரிடம் ‘எப்படி இருந்தது?’ என்று கேட்காதீர்கள். ‘நல்லா இருந்தது’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எந்தப் பாட்டைத் தாண்டிப் போனார், எதைத் திரும்பக் கேட்டார் என்று கேளுங்கள். அடுத்த லிஸ்ட் அந்தப் பதிலிலிருந்து பிறக்கும்.

ஒரு லிஸ்ட்டின் பலம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1986-ஐப் பாருங்கள். பிரிட்டனின் என்எம்இ என்ற இசை வார இதழ் 22 இண்டி (சுயாதீன) குழுக்களின் பாடல்களை ‘சி86’ என்ற ஒரே கேசட்டில் தொகுத்துத் தபாலில் விற்றது. அந்தத் தொகுப்பின் பெயரே பிறகு ஒரு இசை வகையின் பெயராக நிலைத்துவிட்டது. தனித்தனியாகச் சிதறிக்கிடந்தவை ஒன்றாக வைக்கப்பட்டபோதுதான் கேட்பவர்களுக்கு ஓர் உறவு புலப்பட்டது.

கலைஞருக்கும் இதில் லாபம் உண்டு. ஸ்பாட்டிஃபையில் 30 நொடி ஓடினால்தான் ஒரு கேட்பாகக் கணக்கு; 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் ஆயிரம் கேட்புகளைத் தொடாத பாடலுக்கு ராயல்டி கிடையாது. சின்னக் கலைஞருக்கு உங்கள் பத்து நண்பர்கள் பெரிய எண்ணிக்கை. மனசில் தங்கிய ஒன்றிரண்டை பேண்ட்கேம்ப்பில் வாங்கிவிடுங்கள். டிஜிட்டல் விற்பனையில் தளம் எடுத்துக்கொள்வது வழக்கமாக 15 சதவீதம்தான், பணம் கட்டும் சேவைக்கான கட்டணம் தனி. பின்னாளில் உங்கள் லிஸ்ட்டை நிறையப் பேர் பின்தொடர ஆரம்பித்தால், பணம் தருகிறோம், எங்கள் பாட்டைச் சேருங்கள் என்று கேட்டு வருவார்கள். தொடவே தொடாதீர்கள். ஸ்பாட்டிஃபை விதிகளுக்கு அது முரண். உங்கள் காதை நம்பியவர்களுக்கும் துரோகம்.

லிங்க்கை மட்டும் நம்ப வேண்டாம். உரிமம் மாறினால் பாடல்கள் ஆப்பிலிருந்து சத்தமில்லாமல் காணாமல் போகும். நண்பர் வேறு ஆப் வைத்திருப்பார். பாடல், கலைஞர், ஆல்பம் மூன்றையும் சாதாரண எழுத்தாகத் தட்டச்சு செய்து ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள், அதையும் சேர்த்து அனுப்புங்கள்.

நாலைந்து பேர் சேர்ந்தால் இன்னும் நன்று. பலரும் சேர்ந்து திருத்தக்கூடிய பிளேலிஸ்ட் வசதி பெரும்பாலான ஆப்களில் இருக்கிறது. மாதம் ஒருவர் கருப்பொருள் சொல்லட்டும். மற்றவர்கள் ஆளுக்கு இரண்டு பாடல், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. குழுவில் யாரும் முன்பே கேட்டிராத பாடலாக ஒன்றாவது இருக்க வேண்டும் என்று விதி வையுங்கள். முதல் மாதத்துக்குக் கருப்பொருளை நீங்களே சொல்லுங்கள். அறைச் சத்தம் பிடித்திருந்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம்.