மினோல்டா எஸ்ஆர்டி 101 ஃபிலிம் கேமரா: புது பேட்டரி போட்டும் படம் இருட்டாக வருகிறதா?

கேமராவைப் பிரிக்க வேண்டாம், பேட்டரியை மாற்றிப் பாருங்கள். நீங்கள் போட்டிருக்கும் அல்கலைன் 1.5 வோல்ட். கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டரோ 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்தது. மின்னழுத்தம் கூடினால், இருப்பதைவிட வெளிச்சம் அதிகம் என்று முள் காட்டும். அதை நம்பி எடுத்தால் ஃபிலிமுக்குப் போதிய வெளிச்சம் கிடைக்காமல் படம் இருட்டாகும்.

காது கேட்கும் கருவிக்கான 675 ஜிங்க் ஏர் பேட்டரி (1.4 வோல்ட்) போடுங்கள். சிறியது, சுற்றி ஒரு ரப்பர் வளையம் வேண்டும். ஒட்டுத்தாளை உரித்ததுமே காயத் தொடங்கிவிடும் என்பதுதான் தொல்லை.

அப்புறம் போனில் ஒரு லைட் மீட்டர் செயலியோடு வெயிலிலும் நிழலிலும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் ஒரே அளவென்றால் ஏஎஸ்ஏவை (ஃபிலிம் வேக அமைப்பு) குறைத்துச் சமாளிக்கலாம். மாறி மாறி வந்தால் வெளிச்சத்தை உணரும் சிடிஎஸ் செல் போய்விட்டிருக்கலாம். மினோல்டா 2003-இல் கோனிகாவோடு இணைந்து, 2006-இல் கேமரா தொழிலையே விட்டுவிட்டது. அதனால் உதிரிபாகத்துக்கு இன்னொரு பழுதான எஸ்ஆர்டியைத்தான் தேட வேண்டும்.