அப்பாவின் சிகிச்சைக்காக மனையை விற்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. ஃபாலிகுலர் லிம்போமா (நிணநீர் மண்டலத்தில் வரும் ஒரு வகைப் புற்றுநோய்) என்று தெரிய வந்திருக்கிறது. மெதுவாக வளரும் வகை, இப்போதைக்குக் கண்காணித்தால் போதும், பிறகு ரிடுக்ஸிமாப் தேவைப்படலாம் என்கிறார் டாக்டர். 7 ஆண்டுகளாக 5 லட்ச ரூபாய் மருத்துவக் காப்பீடு உண்டு. எஃப்.டி.யில் 6 லட்சம் இருக்கிறது. மனையை இப்போதே விற்றுவிடவா? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: வேண்டாம். அவசரத்தில் விற்கும் மனைக்கு நல்ல விலை கிடைக்காது. அதோடு, இந்தச் செலவு ஒரே நாளில் வருவதும் இல்லை. பெண்டமஸ்டின் என்ற கீமோ மருந்தையும் ரிடுக்ஸிமாபையும் சேர்த்துக் கொடுத்தால் வழக்கமாக 28 நாளுக்கு ஒன்றாக 6 சுற்று. அப்புறம் நோய் திரும்பாமல் இருக்க ரிடுக்ஸிமாபை மட்டும் பராமரிப்பு ஊசியாகத் தொடரலாம் என்று டாக்டர் முடிவெடுத்தால், 2 மாதத்துக்கு ஒன்றாக 2 ஆண்டுகள். ஆக, ஏறக்குறைய இரண்டரை ஆண்டுச் செலவு. பாலிசியைப் புதுப்பிக்கும்போதெல்லாம் காப்பீட்டுத் தொகை திரும்பவும் முழுசாகக் கிடைக்கும் என்பது இங்கே பெரிய பலம். அதனால் பிரீமியம் தேதியை மட்டும் தவறவே விடாதீர்கள். இந்த நேரத்தில் வேறு கம்பெனிக்கு மாறவும் முயல வேண்டாம். நோய் விவரத்தைப் பார்த்தால் தயங்குவார்கள்.

இன்றே பாலிசி புத்தகத்தை எடுத்து 'நவீன சிகிச்சைகள்' பகுதியைப் படியுங்கள். ரிடுக்ஸிமாப் போன்ற மோனோகுளோனல் ஆன்டிபாடி (நோய் செல்களைக் குறிவைக்கும் எதிர்ப்புப் புரதம்) ஊசி அந்தப் பட்டியலில்தான் வரும். சில பாலிசிகளில் இதற்குத் தனி உச்சவரம்பு உண்டு. 5 லட்சம் பாலிசி என்றாலும் இந்த ஊசிக்குப் பாதிதான் என்று இருக்கலாம். பராமரிப்பு ஊசியைக் கீமோ இல்லாமல் தனியாகப் போடும்போது 'இது டே-கேரில் (ஒரே நாளில் முடியும் சிகிச்சையில்) வராது' என்று மறுப்பதும் நடக்கிறது. மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால் சென்னையில் இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேன் (காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர்) அலுவலகம் இருக்கிறது, கட்டணம் கிடையாது.

மருந்து விலையையும் டாக்டரிடம் கூச்சப்படாமல் பேசுங்கள். ரிடுக்ஸிமாபுக்கு 2007 முதலே இந்தியத் தயாரிப்பான பயோசிமிலர் (மூல மருந்தை ஒத்த மாற்று மருந்து) விற்பனையில் இருக்கிறது, இப்போது பல கம்பெனிகள் தருகின்றன. எதைப் போடப்போகிறார்கள், ஒரு சுற்றுக்கு மொத்தம் எவ்வளவு என்று மருத்துவமனையில் எழுதி வாங்குங்கள்.

எஃப்.டி. முதிரும்போது மொத்தமாகப் புதுப்பிக்காமல், சில மாத இடைவெளியில் முதிரும்படி துண்டு துண்டாகப் போடுங்கள். நீங்கள் பழைய வரிமுறையில் இருந்து, அப்பா உங்களைச் சார்ந்திருந்தால், சிகிச்சைச் செலவுக்கான வருமான வரிக் கழிவு (1961 சட்டத்தில் 80டிடிபி பிரிவு) 1 லட்சம் வரை கிடைக்கும்; காப்பீட்டில் வந்த தொகையை அதில் கழித்துவிடுவார்கள். இதற்குப் புற்றுநோய் நிபுணரின் மருந்துச் சீட்டு வேண்டும், பத்திரப்படுத்துங்கள்.