குற்றக்கதை எழுதுவதை வகுப்பில் கற்றுக்கொடுக்க முடியுமா?

பெரும்பகுதியைக் கற்றுக்கொடுக்கலாம். குற்றக்கதைகள் எழுதி, அவ்வப்போது சிறுகதைப் பட்டறைகளும் நடத்துகிறவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். காதல் கதை எந்த இடத்தில் பிசகியது என்று ஒரு மாலை முழுவதும் வாதிடலாம். கொலையாளி யாரென்பது மூன்றாம் பக்கத்திலேயே வாசகருக்குத் தெரிந்துவிட்டால் வாதிட ஒன்றுமில்லை. குறை கண்ணெதிரே தெரிவதால் திருத்துவதும் எளிது.

நான் முதலில் சொல்லித்தருவது, எந்தச் செய்தி வாசகரிடம் எப்போது போய்ச் சேர வேண்டும் என்ற வரிசையைத்தான். 1841-இல் எட்கர் ஆலன் போ எழுதிய பாரிஸ் கொலைக் கதையைச் சொல்பவர் துப்பறிபவரின் நண்பர். நண்பரின் கண்ணில் படுவது நமக்கும் தெரிகிறது, அதன் பொருள் மட்டும் கடைசிவரை அவருக்கும் நமக்கும் பிடிபடுவதில்லை. ஆங்கிலத் துப்பறியும் கதை எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் இவ்வகைக் கதைகளுக்காக 1929-இல் வகுத்த பத்து விதிகளில் ஒன்று, துப்பறிபவருக்குக் கிடைக்கும் தடயத்தை உடனே வாசகருக்கும் காட்டிவிட வேண்டும் என்கிறது. அப்படிக் காட்டிக்கொண்டே எப்படி மறைப்பது? கழுவிக் கவிழ்த்த ஒரு காபி டம்ளரைச் சமையலறைச் சாமான்களின் வர்ணனைக்கு நடுவில் வைத்துவிட்டு, அடுத்த வரியில் மாமியார் மருமகள் சண்டையைத் தொடங்கிவிட்டால் டம்ளரை யாரும் கவனிப்பதில்லை. குற்றக்கதையை மட்டமாக நினைக்கும் மாணவர்களும் இந்தப் பயிற்சியை ரகசியமாக ரசிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சிக்கல் முடிவில்தான் வருகிறது. எல்லாரையும் கூடத்தில் உட்காரவைத்துத் துப்பறிபவர் விளக்க, குற்றவாளி உடைந்துபோய் ஒப்புக்கொள்ளும் அந்த இறுதிக் காட்சி இங்கிலாந்திலிருந்து வந்தது. நம் மாணவர்கள் அதில் துப்பறிபவரை எடுத்துவிட்டு இன்ஸ்பெக்டரை வைக்கிறார்கள். காவல் அதிகாரியிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்று 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் அதை 23-ஆம் பிரிவில் அப்படியே வைத்திருக்கிறது. அவர் சொன்னதை வைத்துக் கிணற்றிலிருந்து அரிவாளை எடுத்தால், அதைக் கண்டெடுக்க வழிகாட்டிய அளவுக்கு மட்டும் அவர் பேச்சு செல்லும். ஆகவே, கதை முடிந்ததாக மாணவர் நினைக்கும் இடத்தில் வழக்கு அப்போதுதான் தொடங்குகிறது.

தவிரவும், நம் ஊர்களில் பல கொலைகளில் யார் செய்தார் என்பது புதிரே அல்ல. நிலத்தகராறோ சாதிப்பகையோ, காரணமும் ஆளும் தெருவுக்கே தெரிந்திருக்கும். அதை நீதிமன்றத்தில் யார் வாய்திறந்து சொல்வார் என்பதுதான் தெரியாது. ஆங்கிலப் புதிர்க்கதையின் கேள்வியை இப்படி மாற்றிக்கொள்ளாதவரை, தமிழில் எழுதும் குற்றக்கதை இரவல் வீட்டில் குடியிருப்பதாகவே எனக்குப் படுகிறது. அதனால் ஒரே சாட்சியை இரண்டு முறை பேசவைக்கும் பயிற்சியைத் தருகிறேன்: சம்பவத்தன்று இரவு காவல் நிலையத்தில் ஒருமுறை, சில ஆண்டுகள் கழித்துக் கூண்டில், முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லும் பிறழ் சாட்சியாக மறுமுறை. இடையில் நடந்த மிரட்டலையோ பேரத்தையோ ஒரு வரிகூட எழுதக்கூடாது. இரண்டாம் வாக்குமூலத்தின் தயக்கங்களிலேயே வாசகர் அதை ஊகித்துக்கொள்ள வேண்டும்.

இதில் திணறுகிறவர்களிடம் இன்னொரு நாவலைப் படிக்கச் சொல்வதில்லை. பெரும்பாலான குற்ற விசாரணைகள் திறந்த நீதிமன்றத்தில்தான் நடக்கின்றன. மாவட்ட அமர்வு நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணை நடக்கும் ஒரு நாள் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்து எழுதச் சொல்கிறேன்.