சில ஆண் பாடகர்களின் குரல் மட்டும் எப்படி நாலு ஸ்தாயி வரை போகிறது?

பெரும்பாலான பாடகர்கள் இரண்டு, இரண்டரை ஸ்தாயிக்குள் (ஒரு ஸ்தாயி என்பது ‘ச’விலிருந்து மேல் ‘ச’ வரை) நின்றுவிடும்போது சிலர் நாலைத் தாண்டுவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே குரலை இழுத்துப் பிடித்து யாரும் அவ்வளவு உயரம் போவதில்லை. குரல்நாண்கள் அதிரும் விதத்தையே மாற்றுகிறார்கள். கீழ்ச் சுரங்களில் நாண்கள் தடித்து, முழுதாக மோதிக்கொள்ளும். மேலே ஏற ஏற நீண்டு மெலியும். கள்ளக்குரலில், அதாவது ஆண்கள் மெலிதாக்கிப் பாடும் ஃபால்செட்டோவில், நாண்களின் ஓரங்கள்தான் முக்கியமாக அதிரும். அதற்கும் மேலே விசில் மாதிரி ஒரு குரல் இருக்கிறது. கஜகஸ்தான் பாடகர் திமாஷ் குதாய்பெர்கன் இந்தக் குரல்வகைகளை ஒரே பாட்டில் கடப்பார். மாறும் இடத்தில் பிசிறே தட்டாது. என்னைக் கேட்டால், உயரத்தைவிட அந்த ஒட்டுத் தெரியாத மாற்றம்தான் பெரிய வித்தை.

அப்புறம், சாதனை எண்களை மட்டும் பார்த்து எடை போடாதீர்கள். அமெரிக்கரான டிம் ஸ்டார்ம்ஸ் 2012இல் 0.189 ஹெர்ட்ஸ் (நொடிக்கு அத்தனை அதிர்வு) வரை இறங்கிக் கின்னஸில் இடம்பெற்றார். நம் காது சுமார் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே கேட்காது. கருவியால்தான் அளக்க முடியும். உச்சஸ்தாயிக்குப் பேர்போன, குவீன் ராக் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரியின் பேச்சுக்குரலோ, 2016இல் வந்த ஆய்வின்படி, சாதாரண பாரிடோன்தான், அதாவது நடுத்தர உயர ஆண்குரல்தான்.